எஃப்ரின்-பி2-க்கு எந்தப் பிளாஸ்மிட்?

தீபாவளிக்கு மறுநாள் காலை, பலகாரத் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு அண்ணன் மகள் மேசையில் ஒரு தாளை விரித்தாள். ஐந்து பிளாஸ்மிட்களின், அதாவது செல்லுக்குள் மரபணுவை ஏற்றிச் செல்லும் வட்ட டிஎன்ஏக்களின், பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலில் ஒரு கேள்விக்குறி. "அத்தை, சூப்பர்வைசர் இந்த வாரத்துக்குள்ள ஆர்டர் பண்ணச் சொல்லிட்டாரு. இதுல எது நல்லது?"

கோலாலம்பூரில் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆய்வுக்கூடத்தில் செல் வளர்த்துவிட்டு, ஓய்வு பெற்றதும் சுங்கை சிப்புட்டுக்கே திரும்பி வந்துவிட்டவள் நான். இங்கே என்னிடம் யாரும் பிளாஸ்மிட் பற்றிக் கேட்பதில்லை. அதனால் அவள் கேட்டதும் உற்சாகம் வந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய பேச்சு மதியச் சாப்பாடு தாண்டியும் போனது. அந்தப் பேச்சைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். அவளைப் போல முதுகலை ஆய்வில் முதல் தடவையாக பிளாஸ்மிட் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகளுக்கு உதவும்.

அவள் எடுத்திருக்கும் தலைப்பு நிப்பா வைரஸ். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. 1998 செப்டம்பரில் ஈப்போ சுற்றுவட்டாரப் பன்றிப் பண்ணைகளில்தான் அது தொடங்கியது, இங்கிருந்து அரை மணி நேர ஓட்டம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். இரண்டுக்கும் அது அடங்கவில்லை. தெற்கே நெகிரி செம்பிலானுக்கும் பரவிய பிறகு, 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயர் அதற்கு வந்தது. மலேசியாவில் 265 பேரைத் தாக்கி 105 பேரைக் கொன்றது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள்.

அந்த வைரஸ் மனிதச் செல்லுக்குள் எந்தக் கதவு வழியாக நுழைகிறது என்பது 2005-ல் தெரிந்தது. எஃப்ரின்-பி2 என்ற புரதம்தான் அந்தக் கதவு. இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் நரம்புச் செல்களிலும் இருப்பது. மூளையை ஏன் அப்படித் தாக்கியது என்பதற்கு அதில் பாதி விடை இருக்கிறது. அண்ணன் மகளின் திட்டம் எளிமையானது. நிப்பா நுழைய முடியாத சிஎச்ஓ என்னும் வெள்ளெலிச் சூலகச் செல்லில் மனித எஃப்ரின்-பி2-ஐ வெளிப்பட வைப்பது. அப்புறம் நிப்பாவின் மேலுறைப் புரதங்களை மட்டும் போர்த்திய, பெருகத் தெரியாத போலி வைரஸ் நுழைகிறதா என்று பார்ப்பது. இரண்டாவது பகுதியாக, எஃப்ரினின் உள்பக்க வால் செல்லுக்குள் அனுப்பும் சமிக்ஞையை ஆராய்வது. இந்த இரண்டாவது பகுதியை அவள் போகிற போக்கில்தான் சொன்னாள். கடைசியில் எல்லாவற்றையும் தீர்மானித்தது அதுதான்.

தாளில் இருந்த ஐந்து: பிசிடிஎன்ஏ 3.1, ஒரு லென்டிவைரஸ் பிளாஸ்மிட், பிபேப் பியூரோ, ஃப்ளாக்-எச்ஏ டேக் வைத்த எம்எஸ்சிவி, அதே டேக் வைத்த பிஓஇசட். முதல் இரண்டை வேகமாகப் பேசி முடித்துவிட்டோம்.

பிசிடிஎன்ஏ 3.1 பழகிய குதிரை. உள்ளே சிஎம்வி என்ற வலுவான புரமோட்டர், அதாவது மரபணுவை இயக்கும் சுவிட்ச். செல்லுக்குள் தள்ளினால் இரண்டு நாளில் புரதம் கொட்டும். சிக்கல் என்னவென்றால் அது எல்லாச் செல்லிலும் ஒரே அளவாகக் கொட்டாது. ஒரு செல் ஆயிரக்கணக்கான பிரதிகளை விழுங்கியிருக்கும், பக்கத்துச் செல்லுக்கு ஒன்றுகூடப் போயிருக்காது. வைரஸ் நுழைவை அளக்கும் ஆய்வில் கதவுகளின் எண்ணிக்கை இப்படித் தாறுமாறாக இருந்தால் வரும் எண்ணை நம்ப முடியாது. ஒரு வாரத்தில் செல் பிரிந்து பிரிந்து பிளாஸ்மிட்டும் கரைந்துவிடும். நியோமைசின் எதிர்ப்பு மரபணு அதில் இருப்பதால் ஜி418 மருந்தைப் போட்டு நிலையான செல்லை எடுக்கலாம், உண்மைதான். அதற்கு இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், பிளாஸ்மிட் எங்கே உடைந்து குரோமோசோமில் ஒட்டியது என்பதும் அதிர்ஷ்டம். ஆனாலும் இதை வாங்கச் சொன்னேன். கட்டிய மரபணு சரியாகப் புரதம் தருகிறதா என்று முதலில் ஓட்டிப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. அவள் லேப்பின் குளிர்பெட்டியிலேயே ஒரு குழாய் இருக்கும், கேட்டுப் பார் என்றேன்.

எச்ஐவி குடும்பத்து லென்டிவைரஸைப் பற்றி இன்று எல்லோரும் பேசுகிறார்கள். பிரியாத செல்லுக்குள்ளும் அதனால் நுழைய முடியும். நரம்புச் செல், ஓய்வில் இருக்கும் டி செல் போன்றவற்றுக்கு அதை விட்டால் வேறு வழி குறைவு. எலி லுகீமியா வைரஸிலிருந்து வந்த பழைய ரெட்ரோவைரஸ் பிளாஸ்மிட்களுக்கு அந்தத் திறமை கிடையாது. செல் பிரியும்போது உட்கரு உறை கரைய வேண்டும், அப்போதுதான் உள்ளே போக முடியும். சரி, சிஎச்ஓ என்ன செய்கிறது? நாளுக்கு ஒரு தடவை பிரிகிறது. 1957-ல் டென்வரில் தியோடர் பக் பிரித்தெடுத்த நாளிலிருந்து ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கிற செல் அது. இதற்கு எச்ஐவி வழியில் வந்த வண்டி எதற்கு? லென்டிக்கு மூன்று அல்லது நான்கு பிளாஸ்மிட்களை ஒன்றாகச் செலுத்த வேண்டும். எலி வைரஸுக்கு, மேலுறைப் புரதம் தவிர மற்றதெல்லாம் தயாராக இருக்கும், வைரஸ் துகளைக் கட்டித் தரும் பேக்கேஜிங் செல்கள் கிடைக்கின்றன. பாதுகாப்புக் குழுவின் கேள்விகளும் சற்றுக் குறைவு. எஃப்ரின்-பி2 வெறும் 333 அமினோ அமிலம், டிஎன்ஏ கணக்கில் ஓர் ஆயிரம் எழுத்து. ரெட்ரோவைரஸ் ஏறத்தாழ 8,000 எழுத்து வரை சுமக்கும். இடப் பிரச்சினையும் இல்லை.

ஆகவே ரெட்ரோவைரஸ். மீதி மூன்றுக்குள் தேர்வு. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

மூன்றும் ஒரே குடும்பம். இரண்டு முனையிலும் எல்டிஆர் என்னும் ஒரே மாதிரி எழுத்து வரிசை, நடுவில் வைரஸ் துகளுக்குள் அடைக்கச் சொல்லும் அடையாளம், அதன் பின் நம் மரபணு. வைரஸின் சொந்த மரபணுக்கள் அதில் இல்லை. அதனால் ஒரு தடவை செல்லுக்குள் போய் குரோமோசோமில் உட்கார்ந்ததோடு அதன் வேலை முடிந்தது, பெருகாது. வித்தியாசம் எல்லாம், தொற்றிய செல்லை எப்படிப் பிரித்தெடுக்கிறோம் என்பதில் இருக்கிறது.

பிபேப் 1990-ல் வந்தது. பழசுதான், இன்னும் ஓடுகிறது. நம் மரபணுவை எல்டிஆரே இயக்கும். பியூரோமைசின் எதிர்ப்பு மரபணுவை எஸ்வி40 என்ற தனிப் புரமோட்டர் இயக்கும். அதாவது ஒரே வீட்டில் இரண்டு மீட்டர். மருந்தைப் போட்டால் பிழைக்கும் செல்லில் எதிர்ப்பு மரபணு வேலை செய்கிறது என்று மட்டுமே தெரியும். எல்டிஆர் நாளடைவில் அடங்கிப்போனாலும் செல் பிழைத்துக்கொண்டே இருக்கும். ஆறு மாதம் கழித்து, புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் போடும்போது பட்டை மங்கலாக வந்து நிற்கும். அந்த வயிற்றெரிச்சலை நான் பட்டிருக்கிறேன்.

அவள் தாளில் இருந்த எம்எஸ்சிவி வேறு மாதிரி. அதன் எல்டிஆர் குருத்தணுக்களிலும் அடங்காமல் ஓடத் தெரிவு செய்யப்பட்ட வைரஸிலிருந்து வந்தது. நம் மரபணுவும் பியூரோமைசின் மரபணுவும் ஒரே தூது ஆர்என்ஏவில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். நடுவில் ஐஆர்இஎஸ் என்று ஒரு துண்டு. புரதத்தை எழுதும் ரைபோசோம், ஆர்என்ஏவின் தலைப்பில் ஏறாமல் நடுவழியில் ஏறிக்கொள்ள அது இடம் தரும். முன்னால் இருக்கும் நம் புரதத்தை எழுதாமல் மருந்துக்கு எதிர்ப்பை மட்டும் எழுத செல்லுக்கு வழியில்லை. தூது ஆர்என்ஏ இல்லாவிட்டால் இரண்டுமே இல்லை. எதிர்ப்பு மரபணு பொதுவாகக் கொஞ்சம் குறைவாக வெளிப்படுவதும் நமக்கு லாபம்தான், மருந்தில் பிழைக்க வேண்டுமானால் செல் நன்றாகவே எழுதியாக வேண்டும். எம்எஸ்சிவி என்ற பெயரிலேயே இன்னொரு வகையும் விற்கிறது, அதில் பியூரோமைசினுக்கு பிஜிகே என்ற தனிப் புரமோட்டர். பெயரைப் பார்த்து ஏமாறாமல் வரைபடத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

பிஓஇசட் எனக்குப் பிடித்த பிளாஸ்மிட். மருந்தே இல்லை. ஐஆர்இஎஸ்-க்குப் பின்னால் இன்டர்லூகின்-2 ஏற்பியின் ஒரு பகுதியை வைத்திருப்பார்கள். தொற்றிய செல்லின் மேற்பரப்பில் அது நீட்டிக்கொண்டு நிற்கும். காந்த மணிகளில் அதற்கான எதிர்ப்பொருளை ஒட்டி, காந்தத்தை வைத்து அந்தச் செல்களை இழுத்து எடுக்கலாம். ஒரு புரதத்தோடு கூடவே ஒட்டியிருக்கும் கூட்டாளிகளை மொத்தமாகப் பிடித்துப் பார்க்கும் வேலைக்கு, லிட்டர் கணக்கில் செல் வளர்ப்பவர்கள் இதை விரும்புவார்கள். மருந்து வாங்கும் செலவு மிச்சம். ஆனால் நம் பெண் ஏற்கனவே செல்லின் மேற்பரப்பில் ஒரு புரதத்தை எண்ணப் போகிறாள். அதே மேற்பரப்பில் இன்னொரு அந்நியப் புரதத்தையும் நட்டு வைத்தால், நுழைவு மாறியது எதனால் என்று ஒவ்வொரு தடவையும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். பிடித்திருந்தும் வேண்டாம் என்றேன்.

ஆக, எம்எஸ்சிவி. அவள் தாளில் அதற்கு டிக் போடப் போனாள். "இரு, இனிமேதான் விஷயமே இருக்கு" என்று கையைப் பிடித்தேன்.

டேக். புரதத்துக்கு ஒரு பெயர்ச்சீட்டு கட்டுவதுதான் அது. எஃப்ரினுக்கென்று தனி எதிர்ப்பொருள் தேடி அலையாமல், சீட்டைப் பிடிக்கும் பொது எதிர்ப்பொருளை வைத்து வேலையை முடித்துக்கொள்ளலாம். ஃப்ளாக் 8 அமினோ அமிலம், எச்ஏ 9, மைக் 10, வி5 என்றால் 14. பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதம் 238, அது சீட்டு இல்லை, தலையில் ஏற்றிய பானை. எந்தச் சீட்டு என்று பிள்ளைகள் மணிக்கணக்கில் யோசிப்பார்கள். எங்கே கட்டுவது என்பதை ஒரு நிமிடம் யோசிக்க மாட்டார்கள்.

என் தாத்தா தோட்டத்து நாற்றங்காலில் ரப்பருக்கு ஒட்டுக்கட்டியவர். எந்த ரகத்தின் கண்ணை வைத்தோம் என்று தகரச் சீட்டில் எழுதிக் கம்பியால் கட்டிவிடுவார்கள். ஒட்டுக்கண் பிடித்ததும் மேல்தண்டை வெட்டி எறிவார்கள். புதுப் பையன் ஒருவன் ஒரு தடவை சீட்டையெல்லாம் மேல்தண்டில் கட்டிவிட்டானாம். வெட்டிய அன்று சீட்டு மொத்தமும் குப்பையில், வரிசையில் எது எந்த ரகம் என்று கிராணிக்கே தெரியவில்லை. எஃப்ரினின் முன் முனையில் டேக் வைத்தால் இதே கதைதான்.

எஃப்ரின்-பி2 செல்லின் மேற்பரப்புக்குப் போக வேண்டிய புரதம். முதல் 27 அமினோ அமிலங்கள் சிக்னல் வரிசை, அதாவது வழிச்சீட்டு. உள்சவ்வு வலைக்குள் நுழைந்ததும் அந்த 27-ஐயும் செல் வெட்டி எறிந்துவிடும். தயார் நிலையில் கிடைக்கும் எம்எஸ்சிவி ஃப்ளாக்-எச்ஏ பிளாஸ்மிட்டில் டேக் தொடக்க மெத்தியோனினுக்கு அடுத்து, சிக்னலுக்கும் முன்னால் வரும். சிக்னலோடு டேக்கும் குப்பைக்குப் போகும். இல்லாவிட்டால் டேக் முன்னால் நின்று மறைத்து, சிக்னலே அடையாளம் தெரியாமல் புரதம் வழி தவறும். இரண்டில் எது நடந்தாலும் செல்லின் மேற்பரப்பில் டேக் தெரியாது. வைரஸ் சரியில்லை, மருந்து சரியில்லை என்று மூன்று மாதம் வேறு எங்கேயோ தேடிக்கொண்டிருப்பாள்.

"அப்ப பின் முனையில வச்சிட்டா?"

பின் முனை டேக்குக்கு நல்ல பெயர் உண்டு. புரதம் முழுதாக எழுதி முடிந்தால்தான் டேக் வரும், அரைகுறைத் துண்டுகள் தெரியாது. பல புரதங்களுக்கு நானே அதைத்தான் சொல்வேன். எஃப்ரின்-பி2-இன் கடைசி நான்கு எழுத்து டைரோசின், டைரோசின், லைசின், வாலின். இந்த முனையை பிடிஇசட் என்னும் அமைப்புள்ள புரதங்கள் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிக்கு வாலினே கடைசியாக இருக்க வேண்டும், அதன் பின்னால் ஒன்றும் ஒட்டியிருக்கக் கூடாது. அங்கே ஒரு டேக் வந்தால் பிடி விடுபடும். வைரஸ் நுழைவுக்கு வெளிப்பகுதியே முக்கியம், வால் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் இவளுடைய இரண்டாவது பகுதியே வால் அனுப்பும் சமிக்ஞை பற்றியது. ஆராயப் போகிற இடத்திலேயே கத்தி வைத்தது போலாகிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. பின் முனை டேக் செல்லின் உள்பக்கம் இருக்கும். அதைப் பார்க்க வேண்டுமானால் செல்லில் துளை போட்டு எதிர்ப்பொருளை உள்ளே அனுப்ப வேண்டும். அப்படிப் பார்த்தால் மேற்பரப்பில் இருக்கும் எஃப்ரினும், பாதிவழியில் உள்ளே தேங்கி நிற்கும் எஃப்ரினும் ஒரே ஒளியாகத் தெரியும். வைரஸுக்குக் கதவாக இருப்பது வெளியே நிற்பது மட்டும்.

முன் முனையும் இல்லை, பின் முனையும் இல்லை. சிக்னல் வெட்டுப்படும் இடத்துக்குப் பின்னால், 27-க்கும் 28-க்கும் நடுவில் வைக்க வேண்டும். சிக்னல் போன பிறகு டேக் வெளிப்பக்க நுனியில் நிற்கும். உயிரோடு இருக்கும் செல்லை, துளை போடாமல், எதிர்ப்பொருளில் நனைத்து, செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டினால் மேற்பரப்பில் இருப்பது மட்டும் எண்ணில் வந்துவிடும். வெட்டும் இடம் டேக் வந்ததால் மாறுகிறதா என்று சிக்னல்பி என்ற மென்பொருளில் புதிய வரிசையைப் போட்டுப் பார்க்க வேண்டும். டேக்குக்குப் பின்னால் கிளைசின், செரின் கலந்த நான்கைந்து எழுத்து இடைவெளியும் விடச் சொன்னேன்.

எந்த டேக்? இங்கே எனக்கும் அவளுக்கும் சின்ன வாக்குவாதம். அவளுக்கு ஃப்ளாக் பிடிக்கும், லேப்பில் அதைப் பிடிக்கும் எம்2 எதிர்ப்பொருள் நிறைய இருக்கிறது. ஃப்ளாக்கின் இரண்டாவது எழுத்து டைரோசின், பக்கத்திலேயே அமிலத்தன்மை உள்ள அஸ்பார்டிக் எழுத்துகள். செல்லின் ஏற்றுமதி நிலையமான கோல்கி வழியாக வெளியே போகும் புரதங்களில், இப்படி அமில எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் டைரோசினில் செல் சல்பேட்டை ஒட்டிவிடுவது உண்டு. ஒட்டினால் எம்2 பிடிக்காது. எல்லாத் தடவையும் நடக்காது, நடந்தால் மண்டை காயும். இன்னொரு பக்கம், வெட்டுப்பட்ட நுனியில் நிற்கும் ஃப்ளாக்கை மட்டும் பிடிக்கும் எம்1 என்ற எதிர்ப்பொருள் இருக்கிறது, கால்சியம் இருந்தால்தான் பிடிக்கும். சிக்னல் உண்மையிலேயே வெட்டுப்பட்டதா என்று சோதிக்க அது அழகான கருவி. அதையும் அவளுக்குச் சொன்னேன், மறைக்கவில்லை.

நான் எச்ஏ பக்கம். அதற்கும் ஒரு குறை உண்டு. செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும்போது கேஸ்பேஸ் என்ற நொதிகள் எச்ஏ-வை வெட்டிவிடும், எதிர்ப்பொருள் பிடிக்காமல் போகும். வைரஸ் ஆய்வில் செல் சாகும், ஆகவே இது சாதாரணக் குறை இல்லை. ஆனால் கேஸ்பேஸ் இருப்பது செல்லுக்குள். நம் டேக் நிற்பது வெளியே. இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததால் டேக்கின் குறையும் பாதி மறைந்துவிட்டது. கடைசியில் எச்ஏ என்றே முடிவு. எம்2 கையிருப்பு வீணாகிறதே என்று அவளுக்கு இன்னும் வருத்தம்தான்.

ஆறு எழுத்து ஹிஸ்டிடின் வைக்கலாமா என்றும் கேட்டாள். பாக்டீரியாவில் புரதம் எடுத்து நிக்கல் தூணில் சுத்தம் செய்ய அது சரி. பாலூட்டிச் செல்லில் ஹிஸ்டிடின் நிறைந்த சொந்தப் புரதங்களே ஏராளம், அவையும் தூணில் வந்து ஒட்டும். அதோடு விட்டோம்.

உண்மையில் டேக்கே வேண்டுமா என்ற கேள்வியை நான்தான் கிளப்பினேன். எஃப்ரின்-பி2-க்கு இயற்கையான ஜோடி ஈபிஎச்பி4 என்ற ஏற்பி. அதன் வெளிப்பகுதியை எதிர்ப்பொருளின் எஃப்சி துண்டோடு சேர்த்த புரதம் விற்பனைக்குக் கிடைக்கிறது. செல்லை அதில் நனைத்தால், மேற்பரப்பில் சரியாக மடிந்து நிற்கும் எஃப்ரினை மட்டும் பிடிக்கும். எச்ஏ-வோ மடிந்தது, மடியாதது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் பிடிக்கும். ஆகவே டேக் உள்ளது, டேக் இல்லாதது என்று இரண்டு கட்டுமானமும் செய்யச் சொன்னேன். இரண்டு செல்லிலும் ஈபிஎச்பி4 ஒரே அளவு ஒட்டினால், டேக் யாருக்கும் தொல்லை தரவில்லை என்று ஆய்வேட்டில் ஒரே படத்தில் காட்டிவிடலாம். தேர்வாளர் கட்டாயம் கேட்கப் போகும் கேள்வி அது.

இப்படி நடுவில் டேக் வைத்த தயார் பிளாஸ்மிட் எங்கும் கிடைக்காது. ஆயிரம் எழுத்து டிஎன்ஏவை எழுதிக் கொடுத்தால் செயற்கையாகத் தயாரித்து அனுப்பும் கம்பெனிகள் இப்போது இருக்கின்றன, அதுவே சுலபம். எழுதும்போது மூன்று விஷயம் பார்க்க வேண்டும். தொடக்க ஏடிஜி-க்கு முன்னால், ரைபோசோம் அந்த இடத்தைப் பிடிக்க உதவும் ஜிசிசிஏசிசி. எம்எஸ்சிவியில் வெட்டி ஒட்டப் போகும் என்சைம்களின் தளம் மரபணுவுக்குள் வரக் கூடாது, வந்தால் அமினோ அமிலம் மாறாமல் எழுத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவது பாலி-ஏ அடையாளம் கூடவே கூடாது. இந்த மூன்றாவதில் நான் இரண்டு மாதம் தொலைத்திருக்கிறேன். பிசிடிஎன்ஏவில் இருந்த மரபணுவை அதன் பின்னால் இருந்த பாலி-ஏ துண்டோடு சேர்த்தே வெட்டி ரெட்ரோவைரஸில் வைத்தேன். வைரஸ் ஆர்என்ஏ அந்த அடையாளத்தைப் பார்த்ததும் அங்கேயே முடிந்துவிடும், மறுமுனை எல்டிஆர் வரை போகாது. முழுமையடையாத ஆர்என்ஏவிலிருந்து புதிய டிஎன்ஏ எழுத முடியாது. பிளாஸ்மிட்டைச் செல்லுக்குள் நேரடியாகத் தள்ளினால் புரதம் பிரமாதமாக வரும், வைரஸாக எடுத்தால் ஒன்றும் வராது. அந்த இரண்டும் சேர்ந்துதான் என்னைக் குழப்பியது.

உறையைப் பற்றி அவள் தாளில் ஒரு வரிகூட இல்லை. வைரஸ் எந்தச் செல்லுக்குள் போகும் என்பதை உறைதான் முடிவு செய்கிறது. ஈகோட்ரோபிக் உறை எலிச் செல்லைத்தான் தொற்றும், மனிதரைத் தொற்றாது, பாதுகாப்புக்கு அருமை, வெள்ளெலிச் செல்லிலும் அது ஏறாது. ஆம்போட்ரோபிக் பல இனங்களில் ஏறும், ஆனால் சிஎச்ஓ அதற்கும் முரண்டு பிடிக்கும். மிச்சம் விஎஸ்வி-ஜி, விஎஸ்வி என்ற வேறொரு வைரஸின் உறைப் புரதம். செல்லுக்கு அது நஞ்சு, நிரந்தரமாக வைத்திருக்க முடியாது. அதனால் வைரஸின் உட்கூட்டையும் நொதிகளையும் தரும் காக்-போல் மட்டும் உள்ள பேக்கேஜிங் செல்லில், எம்எஸ்சிவியையும் விஎஸ்வி-ஜி பிளாஸ்மிட்டையும் ஒன்றாகச் செலுத்தி 48, 72 மணி நேரத்தில் வைரஸ் மிதக்கும் மேல்நீரை எடுக்க வேண்டும். பல லேப்களில் ஈகோ, ஆம்போ உறை உள்ள ஃபீனிக்ஸ் என்ற பேக்கேஜிங் செல்தான் இருக்கும், அதை எடுத்து ஓட்டிவிட்டால் சிஎச்ஓவில் ஒன்றும் நடக்காது. விஎஸ்வி-ஜி மனிதச் செல்லையும் தொற்றும் என்பதால் இரண்டாம் நிலைப் பாதுகாப்பு லேப், பாதுகாப்புக் காற்றறை, இரண்டு கையுறை.

மேல்நீரை எவ்வளவு ஊற்றுவது? குறைவாக. நூற்றில் 20 செல் தொற்றும் அளவுக்கு ஊற்றினால், தொற்றியவற்றில் ஏறத்தாழ 90 விழுக்காட்டில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். தொற்றாதவற்றை மருந்து கொன்றுவிடும். பியூரோமைசின் எச்இகே என்ற மனிதச் சிறுநீரகச் செல்லுக்கு மில்லிலிட்டருக்கு 1, 2 மைக்ரோகிராம் போதும், சிஎச்ஓ அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். தொற்றாத செல்லில் ஒரு தட்டு போட்டு எந்த அளவில் சாகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் சிஎச்ஓவுக்கு புரோலின் சொந்தமாகச் செய்யத் தெரியாது, எஃப்-12 ஊடகத்திலேயே வளர்க்க வேண்டும். இதைத் தெரியாமல் வெறும் டிஎம்இஎம் ஊடகத்தில் போட்டுவிட்டு மருந்து அதிகமாகிவிட்டது என்று அழுத மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிழைத்த செல்களைக் கூட்டமாகவே வைத்துக்கொள்வதா, ஒரே செல்லிலிருந்து வளர்த்த குளோனை எடுப்பதா? ரப்பர் ஊர்க்காரிக்கு இது பழக்கமான கேள்வி. விதைக்கன்று மரங்கள் ஒன்றைப் போல ஒன்று பால் தராது. ஒட்டுமரம், உதாரணத்துக்கு ஆர்ஆர்ஐஎம் 600, வரிசை முழுக்க ஒரே மாதிரி கறக்கும். ஆனால் ஒரு நோய் வந்தால் வரிசை முழுக்க ஒரே மாதிரி படுக்கவும் செய்யும். ரெட்ரோவைரஸ் குரோமோசோமில் எங்கே உட்காரும் என்பது நம் கையில் இல்லை, பக்கத்து மரபணுவையும் அதன் எல்டிஆர் கிளறிவிடலாம். நோய் எதிர்ப்பாற்றல் இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்கு பாரிஸில் இதே எலி வைரஸ் வண்டியால் மரபணு சிகிச்சை செய்தார்கள். குணமடைந்த சில குழந்தைகளுக்குப் பின்னால் லுகீமியா வந்தது, எல்எம்ஓ2 என்ற மரபணுவுக்கு அருகில் வண்டி நின்றுவிட்டது காரணம். தட்டில் வளரும் செல்லுக்கு அவ்வளவு பெரிய விபரீதம் இல்லைதான். இருந்தாலும் ஒரே குளோனில் கிடைத்த முடிவு எஃப்ரினால் வந்ததா, வண்டி நின்ற இடத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது. கூட்டத்தை வைத்துக்கொள், எச்ஏ ஒளி நடுத்தரமாக உள்ளவற்றை மட்டும் சைட்டோமீட்டரில் பிரித்து எடு என்றேன். குளோன் வேண்டும் என்று யாராவது அடம் பிடித்தால் குறைந்தது மூன்று. ஒரே இடத்தில் மட்டும் மரபணுவை உட்கார வைக்கும் ஃப்ளிப்-இன் சிஎச்ஓ செல்லும் சந்தையில் இருக்கிறது, இந்தக் கவலையே இருக்காது. விலையைச் சொன்னதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

வெறும் எம்எஸ்சிவி பிளாஸ்மிட்டை, மாசசூசெட்ஸில் 2004-ல் தொடங்கிய ஆட்ஜீன் என்ற லாப நோக்கற்ற களஞ்சியத்திலிருந்து எடுக்கலாம். இரண்டு பக்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். டிஎன்ஏவாக வராது, சின்னக் குழாயில் அகார் மேல் பாக்டீரியாவாக வரும். நம் ஊர் வெயிலுக்குப் பயப்படத் தேவையில்லை. விடுமுறை வாரம் முழுக்க ஏதோ ஒரு சாமான் அறையில் கிடந்த குழாயிலிருந்துகூட எனக்குக் காலனி வந்திருக்கிறது. பயப்பட வேண்டியது வேறு இடத்தில். இரண்டு எல்டிஆரும் 500, 600 எழுத்துக்கு ஒரே மாதிரி என்பதால், சாதாரண ஈ.கோலை அவற்றை ஒன்றோடொன்று கோத்து நடுவில் இருப்பதைத் துப்பிவிடும். எஸ்டிபிஎல்3 போன்ற, இப்படிக் கோப்பது குறைவான ஈ.கோலை வகையில், 30 பாகையில், மெதுவாக வளர்க்க வேண்டும். ஒவ்வொரு தயாரிப்பையும் இரண்டு என்சைமில் வெட்டி ஜெல்லில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சோம்பல் பட்டால் அடுத்த மாதம் தெரியும்.

ஆர்டருக்கு முன்னால் ஒரு படிவம். மலேசியாவில் 2007-ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் 2009 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. மரபணு மாற்றிய உயிரிகளை அடைப்புக்குள் வைத்து ஆராய்வதற்கும், அதற்காக இறக்குமதி செய்வதற்கும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அது பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புக் குழு வழியாகப் போகும். குழு மாதத்துக்கு ஒரு தடவை கூடுகிறதா, மூன்று மாதத்துக்கு ஒரு தடவையா என்பதைக் கேட்டாளா என்றேன். கேட்கவில்லை. சூப்பர்வைசர் சொன்ன "இந்த வாரம்" அங்கேயே போய்விட்டது.

மூன்று மணி வாக்கில் தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினாள். வெறும் எம்எஸ்சிவி ஐஆர்இஎஸ் பியூரோ ஒன்று. செயற்கை எஃப்ரின்-பி2 இரண்டு, 27-க்குப் பின் எச்ஏ வைத்தது, வைக்காதது. விஎஸ்வி-ஜி பிளாஸ்மிட், காக்-போல் செல், இரண்டும் பக்கத்து லேப்பில் கடன் கேட்க. பிசிடிஎன்ஏவுக்கு எதிரே "ஃபிரிட்ஜில் தேடு". முதல் வரியில் மட்டும் இடம் விட்டிருந்தாள். ஈப்போ பஸ்ஸுக்குப் புறப்படும்போது அதில் பாதுகாப்புக் குழுச் செயலாளரின் அறை எண்ணை எழுதிக்கொண்டு, முறுக்கு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனாள்.